சிவசாகர்: தேயிலைக்கு நடுவே ஒரு பழைய தலைநகரம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

காரமடைக்காரன் | செப்டம்பர் 3, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் விடுமுறை கிடைக்கும்போல் இருக்கிறது. அம்மாவை அழைத்துக்கொண்டு அசாமில் உள்ள சிவசாகருக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு வயது 64. முழங்கால் வலி உண்டு, ஆனால் கோயில் என்று சொன்னால் வலி பறந்துவிடும்.

ஆகோம் அரசர்கள் 600 ஆண்டு ஆண்டார்கள், முகலாயர்களைப் பிரம்மபுத்திராவில் வைத்து அடித்தார்கள் என்ற அளவுக்குத்தான் எனக்கு விஷயம் தெரியும். ஊரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் என்கிறார்கள். "குன்னூர் ஒரு மணி நேரத்தில் இருக்கும்போது தேயிலை பார்க்க அசாமுக்குப் போகிறாயா?" என்று தம்பி கேலி செய்கிறான். எங்கே இறங்குவது, எத்தனை நாள் வேண்டும், தோட்டத்துக்குள் தங்க முடியுமா? குளிருக்கு எவ்வளவு கம்பளி?

ஓய்வுபெற்ற கார்டு | செப்டம்பர் 3, இரவு 10.25

தம்பி, நான் இரண்டு முறை போனவன். முதல் முறை கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸில் ஈரோட்டில் ஏறினேன். முழுத்தடம் 4,100 கிலோமீட்டருக்கு மேல், நாட்டிலேயே நீளமானது. மூன்று பகல், மூன்று இரவு என் முதுகு பட்ட பாட்டை இங்கே எழுதினால் இழை திசை மாறிவிடும். ரயிலில் வாழ்ந்தவன் நான், அதனால் பொறுத்துக்கொண்டேன். அம்மாவோடு அந்த வேலை வேண்டாம். ஜோர்ஹாட்டுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து பஸ்ஸோ காரோ பிடித்தால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். திப்ரூகர் விமான நிலையம் இன்னும் கொஞ்சம் தூரம், ஆனால் விமானங்கள் அதிகம். ரயிலில்தான் வருவேன் என்பவர்களுக்கு சிமலுகுரி சந்திப்பு.

ஒரு எச்சரிக்கை. அசாமியரின் வாயில் 'ச' நம் ஆய்தம் போலத் தொண்டையிலிருந்து காற்றாக வரும். "ஹிவஹாகர், ஹிவஹாகர்" என்று நடத்துநர் கூவிக்கொண்டே இருந்தார். நான் சிவசாகர் பஸ்ஸுக்காக ஜோர்ஹாட் நிலையத்தில் முக்கால் மணி நேரம் காத்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னாலேயே இரண்டு பஸ் போயிற்று.

ஊருக்கு இரண்டு நாள், ஆகோம் அரசர்களின் புதைமேடுகள் இருக்கிற சராய்தேவுக்கு ஒரு நாள். தம்பியிடம் சொல்லுங்கள், அங்கே மலையே கிடையாது. தஞ்சாவூர் வயல் மாதிரித் தட்டையான தரையில் தேயிலை.

தேநீர்ப்பித்தன் | செப்டம்பர் 4, காலை 7.02

கார்டு ஐயா ஊரைச் சொல்லிவிட்டார், நான் இலையைச் சொல்கிறேன். குன்னூரில் தேயிலைத் தரகு அலுவலகத்தில் 22 வருடம் டீயை உறிஞ்சித் துப்பிய நாக்கு இது.

டிசம்பர் கடைசியில் போகாதீர்கள். நீலகிரியில் வருடம் முழுக்கக் கொழுந்து பறிப்பார்கள். அசாமில் மார்ச்சில் தொடங்கி நவம்பரோடு முடிந்துவிடும். டிசம்பரில் செடியைக் கவாத்து வெட்டிக் கட்டையாக விட்டிருப்பார்கள், தொழிற்சாலையும் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடக்கும். முழங்கால் உயரக் குச்சிகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவீர்கள். உச்சமான இலை மே கடைசியிலும் ஜூனிலும் வருகிற இரண்டாம் பருவத்தில்தான். அசாம் டீக்கு உலகமெங்கும் பெயர் வாங்கித் தந்த அந்தக் கனத்த, மால்ட் மணம் கொண்ட சாறு அப்போது கிடைக்கும். ஆனால் ஜூன் மழையில் அம்மாவைக் கோட்டை கொத்தளமெல்லாம் ஏற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவே அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதி. விடுமுறையை மாற்ற முடியுமா பாருங்கள்.

நம் பக்கம் தோட்டத்தில் சில்வர் ஓக் நிற்கும். அங்கே வாகை இனத்து மரங்கள் குடை பிடித்து நிற்கும், இடையிடையே மிளகுக்கொடி ஏறியிருக்கும். வரிசைகளுக்கு நடுவே ஆழமாக வடிகால் வெட்டியிருப்பார்கள். சமதரையில் மழைநீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் அல்லவா, சரிவு செய்யவேண்டிய வேலையை அங்கே மண்வெட்டி செய்கிறது.

தம்பியின் கேலிக்கும் பதில் இருக்கிறது. அவர் தினமும் குடிக்கிற டீக்கடை டீ எதில் போடுகிறார்கள்? குருணையாகச் சுருண்ட சி.டி.சி. தேயிலையில். நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற அந்த உருளை இயந்திரத்தை வில்லியம் மெக்கெர்ச்சர் 1930-ல் உருவாக்கியது அம்குரி தோட்டத்தில். சிவசாகர் மாவட்டத்தில் இருக்கிறது அது. காரமடை பஸ் நிலையத்து டீ கிளாஸின் பூர்வீகத்தைப் பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள்.

காரமடைக்காரன் | செப்டம்பர் 4, மதியம் 1.30

விடுமுறையை நவம்பர் இரண்டாம் வாரத்துக்கு மாற்றிவிட்டேன். மேலாளர் முகம் சுளித்தார், பரவாயில்லை. தம்பி இப்போது தானும் வரட்டுமா என்கிறான்.

செங்கற்சூளை | செப்டம்பர் 5, இரவு 8.47

கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். (நான் சிவில் பொறியாளர், அலுப்புத் தட்டினால் தாண்டிச் செல்லவும்.)

ரங்கர்: இரண்டடுக்கு அரங்கு. எருமைச் சண்டையும் பிஹு ஆட்டமும் பார்ப்பதற்காக அரசகுடும்பம் உட்கார்ந்த இடம். ஆகோம் அரசன் ருத்ர சிங்கன் காலத்தில் மரமும் மூங்கிலுமாக இருந்ததை 1740-களின் பிற்பகுதியில் பிரமத்த சிங்கன் செங்கல்லில் எடுத்துக் கட்டினான். கூரை கவிழ்த்த படகு போல வளைந்திருக்கும். மூங்கில் வளைவைச் செங்கல்லில் கொண்டுவந்த கொத்தனாருக்கு ஒரு கும்பிடு. செங்கல்லும் நம் ஊர்க் கல் மாதிரி தடியாக இருக்காது, மெல்லிய பலகை போல இருக்கும். சாந்தில் ஒட்டரிசியும் வாத்து முட்டையும் சேர்த்ததாகச் சொல்வார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் முட்டையும் போட்ட கதை போலத்தான்.

தலாத்தல்கர்: இன்று நிற்பது அரண்மனையின் எலும்புக்கூடு. மேலே இருந்த மரக்கட்டு முழுக்கப் போய்விட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காவிட்டால் "இதுதானா அரண்மனை?" என்று தோன்றும். 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கர்காவ் அரண்மனை வரை ரகசியச் சுரங்கம் ஓடுகிறது என்று வழிகாட்டிகள் கதை அளப்பார்கள், நம்பவேண்டாம்.

நாம்தாங் கல்பாலம்: 1703, ஒரே பாறையில் செதுக்கியது. அதன் மேலே பல்லாண்டுகளாக நெடுஞ்சாலை வண்டிகள் ஓடியிருக்கின்றன. நாங்கள் கட்டுகிற பாலங்களைப் பற்றி இந்த இடத்தில் மௌனம் காக்கிறேன்.

வண்டிப்பாதை | செப்டம்பர் 5, இரவு 10.15

சுரங்கம் இல்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? நான் நேரிலேயே அடைத்து வைத்திருக்கிற வாயிலைப் பார்த்தேன். திகோ நதிக்கு ஒன்று, கர்காவுக்கு ஒன்று. தரைக்குக் கீழே மூன்று தளம் இருக்கிறதாம். தஞ்சை அரண்மனையிலும் இப்படித்தான் இல்லை இல்லை என்பார்கள்.

செங்கற்சூளை | செப்டம்பர் 5, இரவு 10.40

நண்பரே, நீங்கள் பார்த்தது அடைத்த வாயில், சுரங்கம் அல்ல. 2015-ல் தொல்லியல் துறையும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து தரைக்குள் ரேடார் அலை செலுத்தி ஆராய்ந்தார்கள். சுரங்கம் எதுவும் தென்படவில்லை. நதிக்கரை வண்டல் மண்ணில், நீர்மட்டம் இத்தனை மேலே இருக்கும் இடத்தில் 16 கிலோமீட்டர் தோண்டினால் அது சுரங்கமாக இருக்காது, கால்வாயாக இருக்கும்.

வண்டிப்பாதை | செப்டம்பர் 5, இரவு 10.52

ரேடார் எல்லாவற்றையும் பார்த்துவிடுமா என்ன. சரி, விடுங்கள்.

ஓய்வுபெற்ற கார்டு | செப்டம்பர் 6, காலை 6.20

சுரங்கச் சண்டையில் கோயிலை விட்டுவிட்டீர்கள், அம்மா வரப்போகிறார். சிவதோல் 104 அடி உயரம், உச்சியில் பொற்கலசம். 1734-ல் கட்டியது ஓர் அரசி, பெயர் அம்பிகா. கணவன் சிவ சிங்கனுக்கு ஆட்சி பறிபோகும் கிரகம் நடக்கிறது என்று சோதிடர்கள் சொல்ல, அவன் ஆட்சியைப் பட்டத்தரசியின் பெயருக்கு மாற்றி வைத்தான். ஒருவர் இறந்த பின் அடுத்தவர் என்று மூன்று அரசிகள். முதலாமவர் புலேஸ்வரி, ஆடல்மகளாக இருந்து அரியணைக்கு வந்தவர். கௌரிசாகர் குளம் அவருடையது. அம்பிகா இரண்டாமவர். சோதிடத்தால் குடி கெட்ட கதை நிறையக் கேட்டிருக்கிறேன், பெண்கள் அரசாண்ட கதை இது ஒன்றுதான்.

ஜெய்சாகரையும் விட்டுவிடாதீர்கள். 318 ஏக்கர். கணவன் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்து வதைபட்டு இறந்த ஜெய்மதியின் நினைவாக, மகன் ருத்ர சிங்கன் வெட்டியது. குளிர்காலத்தில் பறவைகள் வரும்.

காரமடைக்காரன் | செப்டம்பர் 8, இரவு 9.33

அம்மா புலேஸ்வரி கதையை மூன்று முறை படிக்கச் சொன்னார். இன்னொரு சின்னக் கேள்வி. மூணாறில் கூடை, புடவை எல்லாம் வாடகைக்குக் கொடுத்துத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். அம்மாவுக்கு அந்த ஆசை இருக்கிறது. அங்கேயும் தேயிலை பறிக்கும் பெண்களோடு அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

பொகவந்தலாவை | செப்டம்பர் 8, இரவு 11.05

அம்மா மனம் நோகக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மம்மா 41 வருடம் அந்தக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலை ஏறியவர். கயிறு அழுத்தி அழுத்தி முன்னந்தலையில் முடி நின்றுவிட்டது. வாடகைக் கூடையில் அந்தத் தழும்பு வராது.

நான் சிவசாகர் பக்கம் போனது ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு மாநாட்டுக்காகப் போய் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினேன். வரலாறு பார்க்கத்தான் போனேன். என்னை உலுக்கியது ஒரு சொல். தோட்டக் குடியிருப்பை அங்கே "லைன்" என்கிறார்கள். எங்கள் இலங்கை மலையகத்தில் லயம். வெள்ளைக்காரன் வாயிலிருந்து விழுந்த ஒரே சொல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சனங்களின் வீட்டுக்குப் பெயராகிவிட்டது. ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர் எங்களுக்குக் கங்காணி, அவர்களுக்குச் சர்தார். எங்களைத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர்களைச் சோட்டாநாக்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆந்திரத்தின் வடகோடியிலிருந்தும். ஒப்பந்தத்தை மீறி ஓடினால் சிறையில் போட 1859-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். ஜார்க்கண்டில் உறவுக்காரன் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறான், அசாம் தோட்டத்தில் இருக்கிற சந்தாலும் முண்டாவும் அந்தப் பட்டியலில் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுங்கள். பறித்த இலையை நிறை போடும் நேரத்தில் போய் மறிக்காதீர்கள், அவர்களுக்குக் கிலோவைப் பொறுத்துத்தான் கூலி.

வண்டிப்பாதை | செப்டம்பர் 9, காலை 8.00

ஒரு தாய் ஆசையாகப் படம் கேட்டால் அதற்கு இவ்வளவு பெரிய பாடமா? பயண இழையில் அரசியல் வேண்டாமே.

தேநீர்ப்பித்தன் | செப்டம்பர் 9, காலை 8.31

அக்கா சொன்னது அரசியல் அல்ல, தோட்டத்தின் பாதி விவரம். மீதிப் பாதியை நான் தருகிறேன், இது உங்கள் பழைய தலைநகரத்தோடு நேராக முடிச்சுப் போட்டது.

சிவசாகருக்குப் பக்கத்தில் நாசிரா என்று ஓர் ஊர். 1839-ல் தொடங்கிய அசாம் கம்பெனிக்கு அசாமில் அதுதான் தலைமையிடம். அங்கே திவானாக வேலைக்குச் சேர்ந்தவர் மணிராம். அதற்குச் சற்று முன்புவரை, வெள்ளைக்காரருக்குக் கப்பம் கட்டி ஆண்ட கடைசி ஆகோம் அரசன் புரந்தர் சிங்கனிடம் அதிகாரியாக இருந்தவர். சிங்ஃபோ மக்களிடம் தேயிலை இருக்கிறது என்று ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு 1823-ல் சொன்னவரும் இவர்தான். பிறகு கம்பெனியோடு ஒத்துப்போகாமல் வெளியேறி ஜோர்ஹாட்டில் சின்னமாராவில் சொந்தத் தோட்டம் போட்டார். வெள்ளைக்காரர் அல்லாத ஒருவர் தேயிலை போட்டதை அவர்கள் ரசித்திருப்பார்களா? 1857 கலகத்தின்போது ஆகோம் அரசை மீட்கச் சதி செய்ததாகப் பிடித்து 1858 பிப்ரவரி 26 அன்று ஜோர்ஹாட்டில் தூக்கிலிட்டார்கள். தோட்டம் ஏலத்துக்குப் போய் ஒரு வெள்ளைக்காரர் கைக்கு வந்தது.

அரண்மனையைக் காலையிலும் தோட்டத்தை மாலையிலும் தனித்தனிக் காட்சியாகப் பார்ப்பவர்களுக்கு இந்த ஆள் கண்ணில் படமாட்டார். 1826-ல் பர்மாவோடு செய்துகொண்ட யாண்டபூ உடன்படிக்கையோடு அசாம் வெள்ளைக்காரர் பிடிக்குள் போனது, பதிமூன்றே வருடத்தில் தேயிலைக் கம்பெனி வந்துவிட்டது.

வண்டிப்பாதை | செப்டம்பர் 9, காலை 9.12

மணிராம் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. சுரங்கம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

காரமடைக்காரன் | நவம்பர் 20, இரவு 8.15

போய் வந்துவிட்டோம். அம்மா, நான், கேலி செய்த தம்பி, மூவரும். ஆலோசனை தந்த எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஏமாந்த கதை. "தோட்டத்துக்குள் பாரம்பரிய பங்களா" என்று இணையத்தில் படம் போட்டிருந்த விடுதியை முன்பதிவு செய்திருந்தேன். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் லாரி டயர்கள். தேயிலை எங்கே என்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்த பையன் வரவேற்பறையில் தொட்டியில் வைத்த ஒரு செடியைக் காட்டினான். சத்தியமாகத் தேயிலைச் செடிதான், குறை சொல்ல முடியாது. மறுநாள் ஊருக்குள் குளத்தங்கரையை ஒட்டி ஒரு சாதாரண விடுதிக்கு மாறிவிட்டோம். அதுவே நல்லதாகப் போயிற்று. அம்மா விடியற்காலையில் தானாகவே எழுந்து கோயிலுக்குப் போய் வந்தார்.

அந்தக் குளம். நம் ஊரில் தெப்பக்குளம் என்றால் படி இறங்குவோம். அங்கே தெருவிலிருந்து மேலே ஏறினோம். கரை ஏறிப் பார்த்தால் 129 ஏக்கர் தண்ணீர், கடைத்தெருவைவிட உயரத்தில் நிற்கிறது. "குளத்துக்குக் கீழே ஊரா?" என்று அம்மா அசந்துபோய்த் திரும்பி ஒருமுறை தெருவைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். சிவதோலை அவர் அரை மணி நேரம் சுற்றி வந்தார். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தலாத்தல்கரில் எங்களுக்கும் ஒரு வழிகாட்டி சுரங்கம் காட்டினார். தம்பி ரேடார் விஷயத்தைச் சொன்னான். அவர் கொஞ்சமும் கலங்காமல், "ரேடார் வந்த அன்று அரசர் வழியை மூடிவிட்டார்" என்றார். வண்டிப்பாதை நண்பருக்கு இது பயன்படும்.

மூன்றாம் நாள் சராய்தேவ். 30 கிலோமீட்டர் தூரமும் இரண்டு பக்கமும் தேயிலை, வயல், மீண்டும் தேயிலை. முதல் ஆகோம் அரசன் சுகாபா 1253-ல் தலைநகரம் அமைத்த இடம் அது. பிறகு தலைநகரம் எங்கெங்கோ போனாலும் அரசர்களைப் புதைக்க அங்கேயே கொண்டுவந்திருக்கிறார்கள். மொய்தாம் என்று பெயர். செங்கல் அறைக்குள் உடலை வைத்து, மேலே மண்ணைக் குவித்து, சுற்றி எண்கோணச் சுவர். 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பள்ளிப்படை போலக் கோயிலாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கோயில் இல்லை, சிலை இல்லை. பச்சைப் புல் போர்த்திய மேடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. கவிழ்த்து வைத்த சட்டிகள் மாதிரி என்று அம்மா சொன்னார். மேட்டின் மேல் நின்று பார்த்தபோது வேலிக்கு அப்பால் தோட்டத்து வாகை மரங்கள்.

பொகவந்தலாவை அக்கா, இது உங்களுக்கு. திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தின் நிறை போடும் இடத்துக்கு அருகே ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். பெண்கள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள், நாங்கள் தள்ளியே நின்றோம். நிறை முடிந்ததும் ஓர் அம்மா, என் அம்மா வயதுதான் இருக்கும், மர நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் மூடியில் ஊற்றி என் அம்மாவிடம் நீட்டினார். பால் இல்லாத கருஞ்சிவப்பு டீ. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குத் தோட்டத்தில் அப்படித்தான் போடுகிறார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். அம்மா மிச்சம் வைக்காமல் குடித்தார். அந்த அம்மாவின் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. என் அம்மா கைப்பையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் முழங்காலைப் பற்றி என்று நினைக்கிறேன், இருவரும் அங்கேயே தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அம்மாவும் கேட்கவில்லை.

மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. அந்தப் பக்கத் தோட்டங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி "பாகான் டைம்" என்று வைத்திருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இருட்டில் தேயிலைக்கு அப்பால் வானம் ஆரஞ்சு நிறமாக எரிந்தது. தீ விபத்து என்று தம்பி பதறினான். எண்ணெய்க் கிணற்றில் வாயுவை எரிக்கிறார்களாம். 1960-ல் ருத்ரசாகரில் எண்ணெய் கிடைத்ததிலிருந்து அதுவும் அந்த ஊரின் விளக்கு.

சாப்பாட்டில் கஷ்டமில்லை. மார்வாரி சைவ உணவகங்கள் உண்டு. கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்த உருளைக்கிழங்கும் பருப்பும் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. வாழைச் சாம்பல் கரைசலில் சமைத்த 'கார்' பிடிக்கவில்லை. பச்சைப் பாக்கை வாயில் போட்ட தம்பிக்குப் பத்து நிமிடம் தலை சுற்றியது. கேலிக்குக் கிடைத்த கூலி.

பொகவந்தலாவை | நவம்பர் 20, இரவு 10.48

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். எங்கள் அம்மம்மாவும் தேங்காய் எண்ணெய்தான் தேய்ப்பார், இரவில்.

தேநீர்ப்பித்தன் | நவம்பர் 21, காலை 6.55

எல்லாம் சரி, தேயிலை வாங்கினீர்களா இல்லையா? என்ன தரம்?

காரமடைக்காரன் | நவம்பர் 21, காலை 9.20

இரண்டு கிலோ சி.டி.சி. வாங்கினோம். அம்மா முதல் நாளே நம் வழக்கப்படி பாலில் கொதிக்கக் கொதிக்க விட்டு, இஞ்சி தட்டிப் போட்டார். உங்கள் நாக்குக்குத் தெரியவேண்டாம் என்றுதான் நேற்று எழுதவில்லை.

மருதமலை நடையன் | டிசம்பர் 2, மாலை 5.40

இழையை முழுதும் படித்தேன். சிவராத்திரிக்குப் போகலாம் என்று இருக்கிறோம், மூன்று பெரியவர்கள். சிவதோலில் கூட்டம் தாங்குமா? காலுக்குச் செருப்பா, ஷூவா?

ஓய்வுபெற்ற கார்டு | டிசம்பர் 2, இரவு 7.15

சிவராத்திரிக்கு அங்கே பெரிய விழா, நெரிசலுக்குத் துணிந்தவர்கள் போகலாம். விடுதியை இப்போதே பிடித்து வையுங்கள், படத்தை நம்பாமல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு. பிப்ரவரியில் தோட்டத்தில் குச்சிதான் இருக்கும், பித்தன் திட்டுவார். கோயிலுக்குச் செருப்பு போதும், மொய்தாம் மேட்டுக்குப் பனி ஈரம் வழுக்கும், ஷூ போடுங்கள். நடத்துநர் "ஹிவஹாகர்" என்று கூவினால் ஏறிவிடுங்கள்.